ஊசி புதுசுதான், கை எதைத் தொட்டது?

டாட்டூ குத்த வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்கும் முதல் கேள்வி, “ஊசி புதுசுதானே அக்கா?” என்பதுதான். கேட்க வேண்டிய கேள்வி, தப்பில்லை. ஆனால் ஒருமுறை குத்தித் தூக்கிப் போடும் கார்ட்ரிட்ஜ் ஊசிகள் வந்த பிறகு, பழைய ஊசியைக் கழுவித் திரும்பக் குத்துவதில் கடைக்காரருக்குப் பெரிய லாபம் ஒன்றும் கிடையாது. சில வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) ஒரு கார்ட்ரிட்ஜ் கிடைக்கிறது. உறையைக் கண்ணெதிரே கிழித்துக் காட்டியதும் வந்தவர் முகத்தில் நிம்மதி வந்துவிடும். நாற்காலியில் சாய்ந்து போனை எடுத்துக்கொள்வார். அதற்கப்புறம் குத்துகிறவரின் கை எங்கெங்கே போகிறது என்று அவர் பார்ப்பதே இல்லை. எனக்குக் கவலை அங்கேதான்.

நான் ஊசி பிடிப்பவள் இல்லை. வரைவதும் குத்துவதும் என் தம்பி. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் ஒரு பல் கிளினிக்கில் பல வருடம் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவள் நான். கருவிகளைத் தேய்த்துக் கழுவுவது, பவுச் என்ற உறையில் போட்டு, அழுத்த நீராவியால் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் ஏற்றுவது, ஒவ்வொரு நோயாளி எழுந்து போனதும் நாற்காலியையும் விளக்கையும் துடைத்து பிளாஸ்டிக் சுற்றுவது, இதுதான் என் வேலை. தம்பி ஜார்ஜ் டவுனில், சூலியா தெருவை ஒட்டி ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் சொந்தக் கடை போட்டபோது, கணக்குப் பார்க்க உதவியாக வந்தேன். வந்தவள் மேசை பார்க்கிறவளாகிவிட்டேன்.

இரண்டு வேலையும் வேறு வேறு என்று பலர் நினைக்கிறார்கள். சுத்தம் என்று வந்தால் இரண்டும் ஒன்றுதான். டாட்டூ ஊசி தோலின் மேலடுக்கைத் தாண்டி ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் மையை விடுகிறது, அதுவும் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை. பல் பிடுங்கினால் ஒரு குழி. இங்கே மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் முழங்கை முதல் மணிக்கட்டு வரை திறந்த புண். அதன் வழியாக உள்ளே போகக் கிருமிக்கு எந்தத் தடையும் இல்லை.

தம்பி ஒழுங்கானவன். ஆளுக்கு ஆள் புது ஊசி, புதுக் கையுறை, புது மைக்கிண்ணம். ஆனாலும் அவன் வேலை செய்வதைப் பின்னாலிருந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். சொன்னால், “அதான் கிளவ்ஸ் போட்டிருக்கேனே அக்கா” என்பான். வாயால் சொல்லிப் பயனில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை சாத்தியதும் வாஸ்லினில் குங்குமத்தைக் குழைத்து, அவன் பழகுவதற்கு வைத்திருந்த செயற்கைத் தோலில் தடவினேன். “இதை ரத்தம்னு நெனச்சுக்கோ. எப்பவும் செய்யற மாதிரியே ஒரு சின்ன ரோஜா குத்து” என்றேன். குத்தி முடித்ததும் விளக்கைப் பிரகாசமாக வைத்துக்கொண்டு இருவருமாகத் தேடினோம்.

சோப்புத் தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் சிவப்பு. டிஷ்யூ ரோலின் ஓரத்தில் சிவப்பு, அடுத்த ஆளுக்கும் அதே ரோல்தான். மெஷின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகில் இருந்தது. விளக்கைத் திருப்பும் கைப்பிடியில் இருந்தது. கறுப்பு மை பாட்டிலின் மூக்கில் இருந்தது, ஏனென்றால் கிண்ணத்தில் மை தீர்ந்ததும் அதே கையோடு பாட்டிலை எடுத்து ஊற்றியிருந்தான். அவன் மூக்குக்கண்ணாடியின் காம்பில், போனில் பாட்டு மாற்றிய இடத்தில், நாற்காலியை உயர்த்தும் பிடியில். கடைசியாக இழுப்பறையைத் திறந்தேன். நடுவில் இன்னொரு கார்ட்ரிட்ஜ் எடுப்பதற்காக அவன் அதைத் திறந்து துழாவியிருந்தான். உள்ளே அடுக்கியிருந்த உறைகளில் நாலைந்தின் மேல் குங்குமம் ஈஷியிருந்தது. தம்பி ரொம்ப நேரம் அந்த இழுப்பறையையே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே இருந்தது எல்லாமே புது ஊசி, உறை பிரிக்காதது. ஆனால் இன்றைக்கு வந்தவரின் ரத்தம் நாளைக்கு வருகிறவரின் ஊசி உறைமேல் போய் உட்கார வழி இருந்தது.

கையுறை, போட்டிருப்பவரின் கையைத்தான் காப்பாற்றுகிறது. புண்ணைத் தொட்ட கையுறை, ரத்தம் பட்ட கைதான். ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட, குறைந்தது 7 நாள் தொற்றும் சக்தியோடு இருக்கும். அதற்கு ரத்தம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற அவசியமும் இல்லை. ஹெச்ஐவியை நினைத்துப் பயப்படுகிறவர்கள் நிறைய, ஆனால் அந்த வைரஸ் வெளியே வந்தால் அவ்வளவு தாக்குப்பிடிக்காது. மேசையில், பாட்டிலில், விளக்குப் பிடியில் ஒட்டிக்கொண்டு காத்திருப்பது கல்லீரலைத் தாக்கும் பி, சி வைரஸ்கள்தான். தோலில் எப்போதும் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் கதை தனி.

அன்று முதல் எங்கள் கடையில் ஒரே சட்டம்: கையுறை போட்ட பிறகு இழுப்பறை இல்லை. தேவைப்படும் அத்தனையும் கையுறைக்கு முன்பே மேசைக்கு வந்துவிட வேண்டும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், புதிதாகக் கடை வைக்கிற தம்பி தங்கைகளுக்கு உதவும்.

முதலில் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கை கழுவுவது. மேசையைக் கிருமிநாசினியால் துடைத்து, பல் கிளினிக்கில் நோயாளியின் மார்பில் கட்டுகிற, பின்பக்கம் பிளாஸ்டிக் வைத்த காகித விரிப்பை அதன்மேல் விரிப்பேன். விளக்குப் பிடி, வேகத் திருகு, கைதாங்கி, நாற்காலிப் பிடி எல்லாவற்றுக்கும் கிளிங் ஃபிலிம். மெஷினுக்கு அதற்கென்றே உள்ள பிளாஸ்டிக் உறை, வயர் இருந்தால் வயருக்கும் நீள உறை. சோப்புத் தண்ணீர் பாட்டிலை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் நுழைத்து மூக்கு மட்டும் வெளியே தெரிகிற மாதிரி கட்டுவேன். மையைத் தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே சின்னக் கிண்ணங்களில் ஊற்றி, பாட்டில்களை மூடி அலமாரிக்கு அனுப்பிவிடுவேன். கிண்ணத்தில் மிஞ்சியதைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றுகிற வழக்கம் எங்காவது இருந்தால் அந்தக் கடை வாசலை மிதிக்காதீர்கள். வாஸ்லினை டப்பாவிலிருந்து ஐஸ்கிரீம் குச்சி போன்ற மரக்குச்சியால் எடுத்து விரிப்பில் ஓர் ஓரமாக வைப்பேன். விரல் டப்பாவுக்குள் போகவே கூடாது. டிஷ்யூவை ரோலிலிருந்து கிழித்து மடித்துத் தனியாக அடுக்கிவிட்டு ரோலைத் தூரமாக வைத்துவிடுவேன். முடி மழிக்கும் ரேஸர் ஆளுக்கு ஒன்று. ஸ்டென்சில், அதாவது தோலில் ஒற்றும் மாதிரி வரைபடம், படிய சிலர் டியோடரன்ட் குச்சியை நேரே தோலில் தேய்ப்பார்கள், ஒரே குச்சி ஊருக்கெல்லாம். ஸ்டென்சில் படிய வைக்கும் திரவத்தை டிஷ்யூவில் ஊற்றித் தடவினால் முடிந்தது வேலை.

இவ்வளவு செய்தும் நடுவில் ஏதாவது வேண்டியிருக்கும். அப்போது தம்பி கையுறையைக் கழற்றி, கையைச் சுத்தம் செய்து, எடுத்துக்கொண்டு வந்து, புதுக் கையுறை போட வேண்டும். இல்லாவிட்டால் “அக்கா” என்று கூப்பிட வேண்டும். சுத்தமான கை நான். உறையை நான் பிரித்து நீட்டுவேன், அவன் உள்ளே இருப்பதை மட்டும் எடுப்பான். தனியாகக் கடை நடத்துகிறவர்களுக்கு இந்த வசதி இல்லை என்பது தெரியும். அவர்கள் முன்கூட்டியே யோசித்து எடுத்து வைப்பதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டியதுதான். இன்னொன்று, கையுறைமேல் அல்கஹால் தெளித்துத் தொடர்ந்து வேலை செய்கிற பழக்கம் இருக்கிறது. கூடாது. கையுறையைக் கழுவிப் பயன்படுத்துவது என்று ஒன்று கிடையாது. லேட்டக்ஸ் கையுறை வாஸ்லின் பட்டால் நைந்துபோகும், சிலருக்கு ஒவ்வாமையும் வரும். நைட்ரைல்தான் சரி.

நீங்கள் குத்திக்கொள்ளப் போகிறவராக இருந்தால், ஒரு கடையை எடைபோட இதுவே போதும். முன்பதிவு செய்வதற்கு முன் போய் வேறொருவருக்கு வேலை நடப்பதைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். கையுறை போட்ட கை போனைத் தொட்டதா, கதவைத் தொட்டதா, மை பாட்டிலைத் தூக்கியதா என்று மட்டும் பாருங்கள். சுவரில் எத்தனை விருது மாட்டியிருந்தாலும் சரி, கை சொல்வதுதான் நிஜம்.

அடுத்தது தண்ணீர். நம் ஊரில் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சாமி படம், முக உருவம் எல்லாம் குத்தும்போது கறுப்பு மையை நீர்க்கச் செய்து சாம்பல் சாயல்கள் உண்டாக்குவார்கள். எதை ஊற்றி நீர்க்கச் செய்கிறார்கள்? சிலர் குழாய்த் தண்ணீர், சிலர் கடையில் வாங்கும் மினரல் வாட்டர். குடிக்கிற தண்ணீர்தானே என்று கேட்பார்கள். குடித்தால் வயிற்றில் அமிலம் இருக்கிறது. தோலுக்குள் நேரே விட்டால் அங்கே தடுக்க என்ன இருக்கிறது? காசநோய்க் கிருமியின் உறவுக் கூட்டம் ஒன்று குழாய்களிலும் தண்ணீரிலும் சாதாரணமாக வாழ்கிறது. குளோரினுக்கு அவ்வளவாக அஞ்சாது. குடிக்கிறவரை ஒன்றும் செய்யாது, தோலுக்குள் போனால் மாதக்கணக்கில் படுத்தும்.

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் நகரில் 2011 கடைசியில் டாட்டூ குத்திக்கொண்ட 19 பேருக்குத் தோலில் சிவப்புத் தடிப்பு தடிப்பாகக் கிளம்பியது. காரணம் மைக்கோபாக்டீரியம் கெலோனே என்ற கிருமி. தேடிப் பார்த்தால், எல்லோருக்கும் குத்தியது முன்கூட்டியே கலந்து விற்கப்பட்ட ஒரே சாம்பல் மை. அதை நீர்க்கச் செய்யச் சேர்த்த வாலைவடி நீரின் (டிஸ்டில்ட் வாட்டர்) மேல்தான் சந்தேகம் விழுந்தது. வாலைவடி நீரில் உப்பு இருக்காது, கிருமியே இருக்காது என்று அர்த்தமில்லை. இந்தச் சம்பவத்தை நான் தம்பிக்கு விளக்கியபோது அவன் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: “அப்ப குத்தினவர் எல்லாம் சரியாச் செஞ்சும் வந்திருக்கா?” ஆமாம், வந்திருக்கிறது. மையிலேயே கிருமி இருந்தால் மேசை எவ்வளவு சுத்தமாக இருந்தும் போதாது. 2019-ல்கூட அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கிருமி கலந்த சில டாட்டூ மைகளைப் பெயர் குறிப்பிட்டு எச்சரித்தது.

அதனால் நாங்கள் மையை நீர்க்கச் செய்ய மருந்தகத்தில் கிடைக்கும் ஸ்டெரைல் வாட்டரை, அதாவது கிருமி நீக்கிய தண்ணீரைத்தான் பயன்படுத்துகிறோம். சின்னப் புட்டிகளாக வாங்குவோம், திறந்த புட்டியில் மிஞ்சியதை அன்றே கொட்டிவிடுவோம். ஊசியை அலசுகிற கப்பிலும் அதேதான். ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று பெயர் தெரியாத மையை வாங்குவதில்லை, பெரிய பிராண்டுகளுக்கே போலி வருகிறது. பாட்டிலைத் திறந்த தேதியை மார்க்கரால் அதன் மேலேயே எழுதுகிறோம். சோப்புத் தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே மேலே ஊற்றி நிரப்புவதையும் நிறுத்தினோம். அடியில் கிடக்கும் பழைய தண்ணீரில்தான் கிருமி வளர்கிறது. தினமும் கொட்டி, கழுவி, கவிழ்த்துக் காயவைத்து, காலையில் புதிதாகக் கலக்குகிறோம்.

2024 ஜனவரியில் சுங்கை பிறையில் பெரிய வால்வு மாற்றும் வேலைக்காக பினாங்கில் பல இடங்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது பலருக்கு ஞாபகம் இருக்கும். சிங்கப்பூரிலிருந்து விடுமுறை போட்டு வரவேண்டிய ஒருவர் உட்பட எல்லோருக்கும் போன் செய்து தேதியை மாற்றினோம். “வாளியில புடிச்சு வெச்ச தண்ணியில கை கழுவிக்கலாமே அக்கா” என்று அவர் கேட்டார். வாளிக்குள் முக்கும் ஒவ்வொரு கையும் அந்தத் தண்ணீரை அழுக்காக்குகிறது. ஓடும் தண்ணீர் இல்லாத நாளில் ஊசி எடுக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

ஆட்டோகிளேவ் பற்றி நான் நிறையப் பேசக்கூடியவள், இருந்தாலும் முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். கார்ட்ரிட்ஜும், மெஷினில் மாட்டி ஒருமுறையோடு தூக்கிப் போடும் பிடிகளும் வந்த பிறகு பல கடைகளுக்கு அது தேவையே இல்லை. ஸ்டீல் பிடி வைத்திருந்தால் கட்டாயம் தேவை. நீல விளக்கு எரியும் யுவி பெட்டியை ஆட்டோகிளேவ் என்று காட்டுகிறார்கள், நம்பாதீர்கள். வெளிச்சம் படாத மடிப்பிலும் துளையிலும் அது ஒன்றும் செய்யாது. கருவியை முதலில் தேய்த்து, அல்ட்ராசோனிக் தொட்டியில் அலசி, உலர்த்தி, பவுச்சில் போட்டு, அழுத்த நீராவியில் 121 டிகிரியிலோ 134 டிகிரியிலோ அந்தந்த மெஷின் சொல்லும் நேரத்துக்கு வைக்க வேண்டும். மேலே ரத்தம் காய்ந்திருந்தால் நீராவி அடியில் போகாது. பவுச்சில் நிறம் மாறும் அம்புக்குறி சூடு பட்டதற்குத்தான் சாட்சி, கிருமி செத்ததற்கு இல்லை. அதைத் தெரிந்துகொள்ள ஸ்போர் டெஸ்ட் வேண்டும். எளிதில் சாகாத ஜியோபேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் உள்ள பட்டையை உள்ளே வைத்து ஓட்டி, பிறகு அது வளர்கிறதா என்று பார்ப்பார்கள். பல் கிளினிக்கில் வாரம் ஒரு முறை செய்தோம்.

பினாங்குக்கென்று ஒரு தொல்லை உண்டு, ஈரக்காற்று. ஆட்டோகிளேவ் முழுசாகக் காய்வதற்குள் அவசரமாகத் திறந்து நனைந்த பவுச்சை எடுத்தால், அதன் காகிதப் பக்கம் ஈரத்தை உறிஞ்சி வெளியே உள்ள கிருமியை உள்ளே இழுக்கும். தொட்டுப் பார்த்து நசநசவென்றிருந்தால் அந்த பவுச் கணக்கில் இல்லை, திரும்பவும் ஓட்ட வேண்டும். காய்ந்த பவுச்சையும் ஏர்கான் சொட்டுகிற சுவர் ஓரம் அடுக்காமல், மூடிய பெட்டியில் வையுங்கள்.

வேலை முடிந்தபின் மேசையில் அல்கஹாலைப் புஸ் புஸ் என்று அடித்துத் துடைத்துவிட்டால் சுத்தமாகிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். அது சட்டென்று ஆவியாகிவிடும், ரத்தத்தின் மேல் அடித்தால் ரத்தத்தை உறையவைத்து அங்கேயே ஒட்டவைக்கும். முதலில் சோப்பால் அழுக்கை எடுக்க வேண்டும். பிறகு கிருமிநாசினி போட்டு, பாட்டிலில் எழுதியிருக்கும் நேரம் வரை அந்த இடம் ஈரமாகவே இருக்க வேண்டும். ரத்தம் சிந்தியிருந்தால் டிஷ்யூவால் ஒற்றியெடுத்துவிட்டு, குளோராக்ஸ் (ப்ளீச்) ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து பத்து நிமிடம் விடுவோம். அன்றன்றைக்குக் கலக்கினால்தான் வேலை செய்யும். டாய்லெட் கழுவும் அமிலத்தோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்.

பயன்படுத்திய ஊசியைக் குப்பைப் பையில் போடும் கடைக்காரர்களை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது. அந்தப் பையைத் தூக்குகிறவர் யார்? காலையில் தெருவில் குப்பை அள்ளும் ஒரு அண்ணன், கட்டடம் கூட்டும் ஒரு ஆன்ட்டி. அவர்கள் கையில் குத்தினால் யாருடைய ரத்தம் என்றுகூடத் தெரியாது. பயன்படுத்திய ஊசிகளைப் போடும் மஞ்சள் நிற ஷார்ப்ஸ் பெட்டி பெரிய செலவில்லை. முக்கால் பங்கு நிரம்பியதும் மூடி, உரிமம் உள்ள மருத்துவக் கழிவு நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு (ஆபத்தான கழிவு) விதிமுறைகளில் எஸ்டபிள்யூ 404 என்று தனி எண் போட்டு மருத்துவக் கழிவைச் சேர்த்திருப்பது சும்மா இல்லை.

குத்துகிறவருக்கே ஊசி பட்டுவிட்டால் பிழிந்து ரத்தம் எடுக்க வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஹெச்ஐவி தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். வழக்கமாக மூன்று தவணை, ஆறு மாதத்தில் முடியும். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு இது 1989-லிருந்துதான் போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்த அண்ணன்மார் பலர் போட்டிருக்கவே மாட்டார்கள். சி வகைக்குத் தடுப்பூசியே இல்லை.

வாடிக்கையாளர் விஷயத்துக்கு வருகிறேன். எங்களிடம் ஒரு கேள்வித்தாள் உண்டு. இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருக்கிறதா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, தோலில் தழும்பு தடித்து வளருமா, கர்ப்பமா, காய்ச்சலா என்று கேட்போம். நம்மவர்களுக்கு இனிப்பு நீர் அதிகம், மறைக்கிறவர்களும் அதிகம். “மாத்திரை போட்டுட்டுத்தாம்மா இருக்கேன், ஒண்ணும் ஆகாது” என்று சொன்ன ஒரு அங்கிளைக் கடைசியாக எடுத்த சர்க்கரை அளவுச் சீட்டோடு வரச் சொல்லி அனுப்பினேன். கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் புண் ஆறாது, கிருமிக்குக் கொண்டாட்டம். அவர் முகம் சுண்டிப் போனதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

தைப்பூசம் நெருங்கினால் வேல் உருவத்தை டாட்டூவாகக் குத்திக்கொள்ள இளைஞர்கள் வந்துவிடுவார்கள். பூசத்துக்குச் சில நாள் இருக்கும்போது ஒரு தம்பி வந்தார், முன்கையில் பெரிய வேல் வேண்டும், அதோடு பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலில் பால்குடம் எடுக்க வேண்டும் என்று. நினைத்துப் பாருங்கள். வெயில், வியர்வை, கையில் வழியும் பால், ஆளோடு ஆள் உரசும் கூட்டம், அத்தனை படிகள், நடுவே ஆறாத புண். “பூசம் முடிச்சிட்டு வாங்க தம்பி, முருகன் கோவிச்சுக்க மாட்டார்” என்றேன். வந்தார், நிதானமாகக் குத்திக்கொண்டு போனார்.

வீட்டுக்குப் போன பிறகு நடப்பது எங்கள் கையில் இல்லை, அதனால்தான் அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அம்மாவோ பாட்டியோ பார்த்ததும் முதலில் நீட்டுவது மஞ்சள். அன்புதான், ஆனால் வேண்டாம். கடையில் வாங்கும் மஞ்சள்தூள் கிருமி நீக்கியது இல்லை, மசாலாத் தூள்களில் பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். திருநீறும் அப்படியே. தேங்காய் எண்ணெயை வழிய வழியத் தடவினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுத் தோல் ஊறும். கையைக் கழுவிவிட்டு, வாசனை இல்லாத மென்மையான சோப்பை நுரைத்து, உள்ளங்கையால் மட்டும் தடவிக் கழுவுங்கள். துண்டு வேண்டாம், சமையலறை டிஷ்யூவால் ஒற்றியெடுங்கள். தோல் மினுமினுக்காத அளவுக்கு மெல்லிசாகக் களிம்பு. நம் ஊர் வெயிலுக்கு நாள் முழுக்கக் களிம்பும் இறுக்கமான சட்டையும் சேர்ந்தால் புழுக்கத்தில் கொப்புளம் கிளம்பும். படுக்கை விரிப்பை அன்றைக்கே மாற்றுங்கள். பூனை மடியில் ஏறினால் இறக்கி விடுங்கள்.

கடல் கூடாது, நீச்சல் குளமும் கூடாது, குறைந்தது மூன்று நாலு வாரம். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் காலையில் டாட்டூ, மாலையில் பத்து பெரிங்கி கடற்கரை என்று திட்டம் போட்டு வருகிறார்கள். 2017-ல் ஒரு மருத்துவ இதழில் வெளியான சம்பவத்தை அவர்களிடம் சொல்வேன். 31 வயது ஆள் ஒருவர் காலில் டாட்டூ குத்திய 5 நாளில் மெக்சிகோ வளைகுடாவில் நீந்தினார். விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கடல்நீர்க் கிருமி உள்ளே போய்விட்டது. ஏற்கெனவே கல்லீரல் கெட்டிருந்தவர், காப்பாற்ற முடியவில்லை. வெதுவெதுப்பான கடல்நீர் அந்தக் கிருமிக்குப் பிடித்த இடம். நம் கடல் வருடம் முழுக்க வெதுவெதுப்புதான்.

குத்திய இடம் இரண்டு மூன்று நாள் சிவந்து, லேசாகச் சுட்டு, தெளிவான நீர் கசிவது சாதாரணம். நாள் ஆக ஆகக் குறைய வேண்டும். அதற்குப் பதிலாகச் சிவப்பு பரவினால், சீழ் வந்தால், நாற்றம் அடித்தால், காய்ச்சல் வந்தால், சிவப்புக் கோடு மேல்நோக்கி ஏறினால் எங்களுக்குப் படம் அனுப்பிக் காத்திருக்காதீர்கள். பேனாவால் சிவப்பின் ஓரத்தைச் சுற்றி வரைந்துவிட்டு நேரே கிளினிக்குக்குப் போங்கள். கோடு தாண்டிப் பரவியதா என்று டாக்டருக்கு அதைப் பார்த்தாலே தெரியும். வீட்டுக்கே வந்து மலிவாகக் குத்திவிட்டுப் போன ஒருவரிடம் குத்திக்கொண்டு, சீழ் பிடித்த கையோடு “இதை மறைச்சு வேற படம் போடலாமா அக்கா” என்று கேட்டு வந்த பையனை நானே கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார கிளினிக்) அழைத்துப் போயிருக்கிறேன். ஆன்டிபயாட்டிக் போட்டு ஆறியது. புண்மேல் இன்னொரு டாட்டூ குத்த யாராவது சம்மதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிப்பேன்.

கடைசியாக, பலர் தவறவிடுகிற ஒன்று. டாட்டூ நன்றாக ஆறிவிட்ட மாதிரி இருக்கும். இரண்டு மூன்று வாரம் கழித்து, சாம்பல் நிறம் போட்ட இடத்தில் மட்டும் சின்னச் சின்னச் சிவப்புத் தடிப்புகள் வரும். வலி பெரிதாக இருக்காது. ஒவ்வாமை என்று களிம்பு தருவார்கள், வழக்கமான ஆன்டிபயாட்டிக்கும் கேட்காது. அது நான் சொன்ன தண்ணீர்க் கிருமியாக இருக்கலாம். தோலில் ஒரு துண்டு எடுத்துச் சோதித்தால்தான் தெரியும், மருந்தும் மாதக்கணக்கில். அப்படி வந்தால் “டாட்டூ குத்தினேன், இந்தத் தேதியில், இந்த மை” என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் நோட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே மையின் பிராண்டு, பாட்டிலின் லாட் எண் (எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் எண்), கார்ட்ரிட்ஜின் லாட் எண் எழுதியிருக்கிறேன். போன் செய்தால் படித்துச் சொல்வேன், டாக்டர் கேட்டால் அவரிடமே பேசுவேன். நீங்கள் குத்திக்கொண்ட கடையில் அந்த எண்ணைத் தர முடியவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். எந்த மை என்று தெரியாது என்பதும் அவருக்கு வேண்டிய தகவல்தான்.